நிலக்கரி தோண்டிய சரித்திர ஆசிரியர்

அமெரிக்கக் கறுப்பர் வரலாற்றைத் தேடித் தொகுத்த கார்ட்டர் உட்சன் 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். பிழைப்புத் தேடி மேற்கு வர்ஜீனியா சென்று நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார்.

அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற தொழிலாளியின் வீட்டில் மாலை நேரச் சிற்றுண்டிக் கடை. ஜோன்ஸ் எழுத்தறியாதவர், ஆனால் புத்தகங்களும் பத்திரிகைகளும் வாங்கி வைப்பார். உட்சன் அவற்றை உரக்கப் படிக்க வேண்டும், கூலி, பலகாரம்தான்! கேட்டவர்களில் சிலர் அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போரில் பங்கு கொண்டவர்கள். அவர்கள் சொன்ன கதைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இருபதாம் வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர், 1912-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அடிமைகள் ஒளிந்து மறைந்து எழுத்துக் கற்ற கதையை 1915-ல் நூலாக்கினார். மறு ஆண்டு, ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கி வரலாற்றுச் சஞ்சிகை தொடங்கினார். சங்கடமான உண்மையையும் அவர் மூடி மறைக்கவில்லை. 1830-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டி, அடிமைகளை வைத்திருந்த கறுப்பர்களின் பட்டியலையும் வெளியிட்டார். அவர்களில் பலர் சொந்த மனைவி மக்களையே விலை கொடுத்து மீட்டவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களும் எஜமானர்களே.

1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய வரலாற்று வாரம் 1976-ல் அந்த மாதம் முழுவதற்குமாக விரிந்தது. மணம் செய்துகொள்ளாத உட்சன், 1950-ல் வாஷிங்டனில், அலுவலகமாகவும் இருந்த தம் வீட்டிலேயே காலமானார்.