மிஷன் கைவிட்ட டொக்டர்: மேரி ரட்ணத்தின் கொழும்பு வாழ்க்கை

1896 ஆம் ஆண்டு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த 23 வயது மருத்துவப் பட்டதாரி ஒருவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றவெனத் தெரிவுசெய்யப்பட்டார். பெயர் மேரி ஹெலன் ஏர்வின். ரொறன்ரோவில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென ஒரு வைத்தியசாலையை அமைக்க அமெரிக்க மிஷன் முயன்றுகொண்டிருந்த காலம் அது. பிற்பாடு மக்லியோட் ஆஸ்பத்திரி என்று நாமறிந்தது அதுதான். ஆண் வைத்தியரிடம் போவதைவிட வீட்டிலேயே செத்துப்போவது மேல் என்று பெண்கள் நினைத்த ஊரில் ஒரு பெண் டொக்டர் எவ்வளவு தேவைப்பட்டிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வரும் வழியில், நியூயோர்க்கில், அவர் எஸ்.சி.கே. ரட்ணம் என்ற இலங்கைக் கிறிஸ்தவத் தமிழரைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார். மிஷனுக்கு அது பொறுக்கவில்லை. தமிழருக்கு வேதம் சொல்லலாம், வைத்தியம் பார்க்கலாம், தமிழரைக் கட்டிக்கொள்ள மட்டும் கூடாது. மணமகனும் கிறிஸ்தவர், படித்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. மிஷனில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. இணுவில் ஆஸ்பத்திரி வேறு கைகளில் வளர்ந்தது. அங்கே தாதிப் பயிற்சி பெற்ற அம்மம்மாக்கள் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் மேரி ரட்ணம் பாடம் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தம்பதி கொழும்புக்கு வந்தனர். கணவர் பாடசாலை நடத்தினார். மேரி சிறிது காலம் பெண்களுக்கான லேடி ஹவலொக் அரச வைத்தியசாலையில் வேலை செய்துவிட்டுத் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1892 இல்தான். பிள்ளைப்பேறும் பெண்களின் நோய்களும்தான் அவரது துறை. தன் பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, பிறர் பிள்ளைகளையும் இந்த உலகுக்குக் கொண்டுவந்தார்.

பெண்களின் வருத்தத்துக்கு மருந்து மட்டும் போதாது என்று அவர் கண்டுகொண்டது இந்த ஆண்டுகளில்தான் என்று நினைக்கிறேன். நிறையப் பிள்ளைப்பேறு, போதாத சாப்பாடு, கணவனின் குடி, கையில் சொந்தக் காசின்மை. இதில் எதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்துக் குணப்படுத்த முடியாது. 1904 இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியத்தைத் தொடங்கினார். 1909 இல் கொழும்பில் தமிழ்ப் பெண்கள் சங்கம் உருவானதிலும் அவர் கை இருந்தது. வெள்ளவத்தையில் கலாலயாவுக்குப் பிள்ளைகளை வீணைக்கும் பரதத்துக்கும் கூட்டிப்போகும் பெற்றோர் பலருக்கு, அந்தச் சங்கத்தின் தொடக்கத்தில் ஒரு கனேடியப் பெண் டொக்டர் நின்றார் என்பது செய்தியாகத்தான் இருக்கும். மதுவிலக்கு, பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூல் என்று அவர் ஈடுபட்ட வேலைகள் இன்னும் பல.

1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. அதன் முன்னணியில் இருந்தவர்களுள் மேரியும் ஒருவர். அடுத்த ஆண்டு பெண்கள் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேட்கப்பட்டது. சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்காமல் ஆம் என்றார். அவர்களும் பெண்கள்தானே என்பது அவரது பதிலின் சாரம். அதே காலத்தில் எங்கள் பெருந்தலைவராகக் கொண்டாடப்படும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றார். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்கு என்பது அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. இராமநாதனின் சிலைக்கு மாலை போடும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1931 இல் 21 வயதான எல்லோருக்கும் வாக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் அந்தத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டதால், அங்குள்ள பெண்கள் 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்புத் தமிழ்ப் பெண்கள் முந்திக்கொண்டனர். 1932 இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்று, அரசாங்க சபைக்குச் சென்ற முதல் தமிழ்ப் பெண்ணானார்.

மேரியும் 1937 இல் பம்பலப்பிட்டியில் நின்று கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணானார். அந்த ஆசனம் நீண்டகாலம் அவரிடம் இருக்கவில்லை. அந்த ஆண்டுதான் கொழும்பில் கருத்தடை ஆலோசனைக்கான சிகிச்சை நிலையம் ஒன்றையும் அவர் தொடங்கினார். போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. எத்தனை பிள்ளை பெறுவது என்று பெண்ணே முடிவெடுக்கலாம் என்ற பேச்சே பாவமாகக் கருதப்பட்ட காலம் அது.

அவரது பெயர் அதிகம் நிலைத்தது லங்கா மகிளா சமிதியால். 1897 இல் ஒன்ராறியோவில் விவசாயக் குடும்பப் பெண்கள் தொடங்கிய சங்கங்களின் வடிவம் அவருக்குத் தெரியும். அதை இங்குள்ள கிராமங்களுக்கு ஏற்றபடி 1930 இல் கொண்டுவந்தார். தையல், கோழி வளர்ப்பு, சமையல், பிள்ளை பராமரிப்பு. இன்று வன்னியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் நன்றாகவே பழக்கம். கணவனைப் போரில் இழந்த பெண்ணுக்கு ஒரு தையல் மெஷினும் பத்துக் கோழிக்குஞ்சும் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு போகும் திட்டங்களை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். மகிளா சமிதியிலும் நகரத்துப் படித்த பெண்கள் கிராமத்துக்குப் போய்க் கற்றுக்கொடுக்கும் தோரணை இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மேரிக்குத் தையல் ஒரு சாட்டுத்தான். பெண்கள் வீட்டுப் படியைத் தாண்டி ஓரிடத்தில் கூடி, தலைவியைத் தாங்களே தெரிந்து, கணக்கைத் தாங்களே வைத்து, கூட்டத்தில் எழுந்து பேசப் பழகுவதுதான் அவருக்கு முக்கியம். நமது திட்டங்களில் பல விட்டுவிட்டது அந்தப் பாதியைத்தான்.

1958 இல், 85 வயதில், பொதுச்சேவைக்கான மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் கொழும்புத் தமிழர் வீடுகளிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, முகாம்களில் அடைபட்டு, ஆயிரக்கணக்கில் கப்பலேறி வடக்குக்குப் போனார்கள். ரட்ணம் என்ற பெயரோடு 60 ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்தில் வாழ்ந்தவர் அவர்.

மகிளா சமிதியில் பல ஆண்டுகள் வேலைசெய்து அதன் தலைவியாகவும் இருந்த ஒருவர் 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்கா. மறு ஆண்டு அவரது அரசாங்கம்தான் யாழ்ப்பாணத்தில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் மீது இராணுவத்தை ஏவியது. அந்தச் சத்தியாக்கிரகிகளில் பெண்களும் இருந்தனர்.

மேரி ரட்ணம் 1962 இல் காலமானார். 1928 இல் எந்தப் பெண்களுக்கும் சேர்த்து வாக்குக் கேட்டார்களோ, அந்தத் தோட்டத்துப் பெண்களின் குடியுரிமை அதற்கு முன்னரே, 1948 இல் பறிக்கப்பட்டிருந்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில் அதே பிரதமர் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து, 525,000 பேரை அங்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கு ஏற்கவும் உடன்பட்டார். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை ஆயிற்று.