பொப்பிலிக் கோட்டையும் வாக்குச் சீட்டும்

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டது 1739ல். தஞ்சை அரச வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைத்துப் பெற்ற மண் இது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1757 ஜனவரி 24ல், அதே பிரெஞ்சுக்காரரின் பீரங்கிகள் தெலுங்கு நாட்டின் வடகோடியில் ஒரு கோட்டையைத் தகர்த்தன. படை நடத்தியவர் புஸ்ஸி. அவருக்குத் துணை நின்றவர் விஜயநகரம் ஜமீனின் விஜயராமராஜு. தகர்ந்தது பொப்பிலிக் கோட்டை. எதிரியிடம் சிக்கக் கூடாதென்று கோட்டைக்குள்ளேயே பெண்டுபிள்ளைகள் மாண்ட கதையும், தாண்ட்ர பாப்பாராயுடு பகைவனின் கூடாரத்துக்குள் புகுந்து விஜயராமராஜுவைக் கொன்று பழி தீர்த்த கதையும் ஆந்திர மக்கள் வழிவழியாகச் சொல்லி வருபவை.

பீரங்கிக்கு விழுந்த அந்தக் குலம் மீண்டும் எழுந்தது. நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின், 1937ல், அது இன்னொரு முறை வீழ்ந்தது. இம்முறை புஸ்ஸியும் இல்லை, பீரங்கியும் இல்லை. வீழ்த்தியது வாக்குச் சீட்டு.

இந்த இரண்டாவது வீழ்ச்சியைத்தான் தோழர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். காரணம், அது வேற்றார் கதையல்ல. நம் இயக்கத்தின் தாய்வீட்டுக் கதை. தாய்வீட்டின் புகழை மட்டும் பேசிவிட்டு, அங்கே நேர்ந்த தவறை மூடி மறைப்பது வளர்ந்த பிள்ளைக்கு அழகல்ல.

ராமகிருஷ்ண ரங்காராவ் 1901 பிப்ரவரி 20ல் பிறந்தார். இருபது வயதில் ஜமீன் பொறுப்பு கைக்கு வந்தது. டெல்லி ராஜாங்க சபையில் அங்கம் வகித்தார். 1930ல் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1931ல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேஜை மாநாட்டுக்கு நீதிக் கட்சியின் சார்பில் சென்றார். முப்பது வயதுக்குள் இத்தனை மேடைகள்! திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே திறமை படைத்த ஏழைவீட்டுப் பிள்ளைக்கு அந்த வயதில் எந்த வாசல் திறந்திருக்கும்?

நீதிக் கட்சி பிறந்தது 1916ல். தியாகராயரும், டாக்டர் நாயரும், நடேச முதலியாரும் ஊன்றிய பயிர் அது. உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் இடம் கேட்டது. 1920ல் ஆட்சிக்கு வந்து, வகுப்புவாரி உத்தரவும், பெண்களுக்கு வாக்குரிமையும், கோயில் சொத்துக்களைக் கண்காணிக்கும் சட்டமும் தந்தது. நாம் இன்று நிமிர்ந்து நடக்கிறோம் என்றால் அந்த அடித்தளத்தின் மீதுதான் நடக்கிறோம்.

1930ல் அக்கட்சியின் முதன் மந்திரியானவர் சித்தூர் முனுசாமி நாயுடு. அவர் ஜமீன்தார் அல்லர். குடியானவர்களின் குரல் அவர் காதில் விழுந்தது. அதுவே ஜமீன்தார்களுக்குக் கசந்தது. 1932 அக்டோபரில், நம் காரைக்காலுக்குப் பக்கத்திலுள்ள தஞ்சையில், கட்சி மாநாடு கூடியது. இரு தரப்பும் மோதின. மாநாட்டில் கலவரமே மூண்டது. முடிவில் தலைமை பொப்பிலி அரசரிடம் போயிற்று. நாயுடு பதவி விலகினார். நவம்பர் 5ல் அரசர் முதன் மந்திரியானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

அவர் ஆட்சியில் நன்மையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 1936ல் எஸ்டேட் நிலச் சட்டம் திருத்தப்பட்டது. இனாம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதும் உரிமையற்றுக் கிடந்த குடியானவர்களுக்கு நிலத்தில் நிலைத்த பாத்தியதை கிடைத்தது. இனாம்தார்கள் பெருங்கூச்சல் போட்டும் அச்சட்டம் நிறைவேறியது. வாழ்த்த வேண்டிய காரியம்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை? உலகப் பொருளாதார மந்தம் ஊரெங்கும் புகுந்த காலம். நெல் விலை சரிந்தது. விளைந்ததை விற்றாலும் கிஸ்தி கட்ட முடியாமல் விவசாயி விழி பிதுங்கி நின்றான். அந்த வேளையில் மந்திரிகளுக்கென வகுக்கப்பட்டிருந்த சம்பளம் மாதம் நான்காயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல்! எதிர்க்கட்சியான காங்கிரஸ் இந்த ஒரு கணக்கை மேடைதோறும் சொன்னால் போதாதா?

1934ல் தாலுகா போர்டுகள் எடுக்கப்பட்டன. சிக்கனம், நிர்வாக வசதி என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சாதாரண மனிதன் ஏறி நின்று பேசுவதற்கு இருந்த சிறு படிக்கட்டு அதோடு போயிற்று. படிக்கட்டைப் பெயர்த்தால் மேலே இருப்பவனுக்கு நஷ்டமில்லை. கீழே நிற்பவனுக்குத்தான் நஷ்டம். இது நமக்குப் புரியாததா? புதுவை, காரைக்காலில் 1968க்குப் பிறகு 2006 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே இல்லாமல் கழித்தவர்களல்லவா நாம்!

எச்சரிக்கை வராமல் இல்லை. 1934ல் மத்திய சட்டசபைத் தேர்தல் நடந்தது. நீதிக் கட்சியின் பெருந்தலைகளான ஏ.ராமசாமி முதலியாரும், ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் தோற்றார்கள். அதே ஆண்டு பெரியார் தமது ஈரோட்டு வேலைத் திட்டத்தைக் கட்சியின் முன் வைத்தார். உழைப்பாளியையும் விவசாயியையும் நடுவில் நிறுத்திய திட்டம் அது. கட்சி அதை ஏற்றது, மாற்றங்களுடன். நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டான். ஆனால் தண்ணீர் கலந்து குடித்தான்.

1936 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அரசர் ஐரோப்பாவில் இருந்தார். பி.டி.ராஜன் அவர் இடத்தில் முதன் மந்திரியாக இருந்தார். அதே மாதங்களில் இங்கே புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் போராடிக் கொண்டிருந்தனர். ஜூலை 30ல் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு பேர் பலியாயினர். அது பிரெஞ்சு எல்லை. சென்னை மந்திரிசபைக்கு அதில் பொறுப்பில்லை. ஆயினும் காலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காட்ட அந்த ரத்தம் போதும். தொழிலாளி தலை நிமிர்ந்து விட்டான். அதைக் கோட்டைக்குள் இருந்தோர் காணவில்லை.

1937 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. பொப்பிலியில் அரசர் நின்றார். சொந்த ஊர், சொந்த ஜமீன், பரம்பரைப் பெயர். எதிரே நின்றவர் வி.வி.கிரி. கோட்டை கொத்தளம் இல்லாதவர். வங்காள நாகபுரி ரயில்வேத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர். அரசருக்குக் குனிந்து கும்பிடு போட்ட கைகளே அவருக்கு எதிராக வாக்களித்தன. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அரசர் தோற்றார். 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு 159. தொழிலாளர் தலைவர் கிரி அந்த ஆண்டே தொழிலாளர் மந்திரியானார். 1969ல் குடியரசுத் தலைவரும் ஆனார்.

அரசர் கட்சித் தலைமையிலிருந்து ஒதுங்கினார். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1978 மார்ச் 10ல் அவர் மறைந்தார்.

கட்சி என்ன ஆயிற்று? இங்கேதான் பாடம் இருக்கிறது. 1938 டிசம்பரில், இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டிருந்த பெரியாரைக் கட்சி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அரண்மனையிலிருந்து சிறைச்சாலைக்குத் தலைமை மாறியது! 1944ல் சேலத்தில் அது திராவிடர் கழகமாயிற்று. பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்கச் சொன்னது அண்ணாதுரை தீர்மானம். ராவ் பகதூர்களும் சர்களும் கழன்று கொண்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய தோழன் உள்ளே வந்தான். பதவியில் இருந்தபோது தேய்ந்த இயக்கம், பதவியில்லாத காலத்தில் வளர்ந்தது.

தோழர்களே! காவிரியின் கடைமடையில் வாழ்கிறோம். தலைமதகில் தண்ணீர் ததும்பினாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காயும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீதிக் கட்சியின் தலைமதகில் தண்ணீர் நிறைய இருந்தது: கல்வி, செல்வம், அதிகாரம், நல்ல சட்டங்களும்கூட. ஆனால் கிளைக்கும் தலைமைக்கும் நடுவே வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது.

தேர்தல் வரும்போதெல்லாம் எந்தக் கட்சிக்கும் ஓர் ஆசை வரும். பணம் உள்ளவர், குடும்பப் பேர் உள்ளவர் ஒருவர் காரில் வந்து இறங்குவார். சுவரொட்டி ஒட்டியவனும், வாக்காளர் பட்டியலைச் சுமந்து தெருத்தெருவாக அலைந்தவனும் ஒதுங்கி வழி விட வேண்டும். வெற்றிக்கு இதுவே வழி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் பொப்பிலியைக் காட்டுவோம். பரம்பரைப் பேரும் பணமும் சொந்த மண்ணுமே ஓர் அரசரைக் காப்பாற்றவில்லை. இரவல் செல்வாக்கு நம்மைக் காப்பாற்றுமா?

செல்வர் வரட்டும், தடையில்லை. வருகிறவர் கிளைக் கூட்டத்தில் மற்றவரோடு சமமாக உட்கார்ந்து பழகட்டும். கோட்டை கட்டிக்கொண்டு மட்டும் வர வேண்டாம்.