விற்ற குதிரையை மீட்டுத் தந்தார்கள்

கி.மு. 399ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கிக் கரையிலிருந்த லம்சாக்கஸ் நகரில் ஒரு படைத்தலைவர் தன் குதிரையை 50 பாரசீகப் பொற்காசுகளுக்கு விற்றார். ஊர் திரும்ப அவரிடம் வழிச்செலவுக்குக்கூடப் பணமில்லை. அவர் அந்தக் குதிரையில் எவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்பதைக் கேள்விப்பட்ட இருவர், அதை மீட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

அவர்தான் செனபோன். ஏதென்சில் கி.மு. 430 அளவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், சோக்கிரட்டீசின் மாணவர். ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே 27 ஆண்டுகள் நீடித்த போருக்குள்ளேயே வளர்ந்தவர். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரசின் கூலிப்படையோடு போனார். அண்ணனின் அரியணைக்காகப் போரிட்ட சைரஸ் பாபிலோன் அருகே கொல்லப்பட்டான்.

அதன் பிறகுதான் பெரிய அடி விழுந்தது. பாரசீக ஆளுநன் திசபேர்ணஸ் பேச்சுவார்த்தைக்கு அழைத்தான். அவனது சத்தியத்தை நம்பிப் போன கிரேக்கத் தளபதிகள் ஐவரும் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைமையின்றி நின்ற சுமார் 10,000 பேர் தேர்ந்தெடுத்த புதிய தலைவர்களில் செனபோனும் ஒருவர். நீங்கள் குதிரையில் வருகிறீர்கள், நான் கேடயம் சுமந்து களைக்கிறேன் என்று வழியில் ஒரு சிப்பாய் குறைப்பட்டபோது, குதித்திறங்கி அவனது கேடயத்தைத் தானே சுமந்து நடந்தார். ஆர்மேனியப் பனியில் குதிரைகள் வயிறுவரை புதைந்தன. குளம்புகளில் சிறு பைகளைக் கட்டும்படி சொல்லிக் கொடுத்தவர் அந்த ஊர்க்காரர் ஒருவர்.

நெடுங்கால அனுபவத்தை வைத்து, இளைய நண்பர்களுக்காகக் குதிரையேற்றம் பற்றி அவர் ஒரு சிறுநூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அதன் முதன்மையான விதி. பசியும் தாகமும் ஈக்கடியும் மனிதன் வந்தால்தான் தீரும் என்று குட்டி உணர வேண்டும். தடவினால் அதற்குச் சுகம் தரும் இடங்களில் தடவ வேண்டும். சனக்கூட்டத்துக்குள் நடத்திப் பழக்க வேண்டும். எதையாவது கண்டு மிரண்டால், அந்தப் பொருளை மனிதன் முதலில் தொட்டுக்காட்டி, மெதுவாகக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அடித்தால் அந்த வலியும் அந்தப் பொருளால் வந்ததென்றே குதிரை நினைக்கும். செல் சத்தத்தில் கயிறறுத்து ஓடிய மாடுகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொன்னதை நன்றாகச் செய்த குதிரைக்கு அவர் தந்த பரிசு, முதுகிலிருந்து இறங்கிக் கடிவாளத்தைக் கழற்றுவது. அங்கவடி இல்லாத காலம் அது. முதுகில் இருப்பவனின் உயிர் குதிரையின் மனதைப் பொறுத்தது.

அவரை முழுக்கக் கருணையாளராக ஆக்கிவிடவும் முடியாது. முள் வைத்த கடிவாளத்தையும் அவர் வைத்திருக்கச் சொன்னார். அவ்வளவு பொறுமையாகப் பழக்கியதும் போர்க்களத்துக்குக் கொண்டுபோகத்தான்.

ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது. ஸ்பார்ட்டா ஒலிம்பியா அருகே கொடுத்த பண்ணையில் குடும்பத்தோடு சுமார் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். கி.மு. 371இல் ஸ்பார்ட்டா தோற்றபின் அதையும் இழந்து வெளியேறினார். கி.மு. 362இல் மந்தினேயா அருகே, தந்தையைத் துரத்திய அதே ஏதென்சின் குதிரைப்படையில் போரிட்டு அவரது மகன் கிரில்லஸ் இறந்தான். செனபோன் அதன்பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.