குரங்கு என்று உலகம் கேலி செய்த மேதை!

மரத்துக்கு மரம் தாவும் குரங்கு, மனிதனாக மாறிவிட்டது என்று சொன்னவர் டார்வின். இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் டார்வின் அப்படிச் சொல்லவே இல்லை! சொல்லாத ஒன்றுக்காக ஏச்சும் பேச்சும் கேட்டவர் அவர்.

சார்லஸ் டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ந் தேதி, இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராபர்ட் பெயர் பெற்ற டாக்டர். டார்வினுக்கு 8 வயதானபோது தாயார் சூசன்னா இறந்துவிட்டார்.

மகனையும் டாக்டர் ஆக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்த்த டார்வின், அறையை விட்டே ஓடிவிட்டார். பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று தந்தை அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். டார்வினோ அங்கே வண்டு பிடித்துக்கொண்டிருந்தார்!

கைகொடுத்த மாமன்

1831-ம் ஆண்டு, பீகிள் என்ற கப்பலில் உலகத்தைச் சுற்றிவர டார்வினுக்கு அழைப்பு வந்தது. தந்தை போகக்கூடாது என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் பரிந்து பேசினார். தந்தை மனம் இளகினார். டிசம்பர் 27-ந் தேதி கப்பல் புறப்பட்டது.

பயணம் ஏறத்தாழ 5 ஆண்டு நீடித்தது. 1835-ல் கலபாகஸ் தீவுகளை அடைந்தார். தீவுக்குத் தீவு பறவைகளும் ஆமைகளும் வேறுபட்டிருந்தன. இது ஏன்? இந்தக் கேள்வி பிறகு அவரைத் தூங்கவிடவில்லை.

ஊர் திரும்பிய டார்வின், 1839-ல் எம்மாவை மணந்தார். எம்மா வேறு யாரும் அல்ல. கைகொடுத்த அதே மாமனின் மகள்தான்!

பிழைப்பது எது?

சுமார் 20 ஆண்டு ஆராய்ந்து, 1859-ல் "உயிரினங்களின் தோற்றம்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சூழ்நிலைக்கு ஏற்ற குணம் உள்ளவை அதிகமாகப் பிழைக்கின்றன, சந்ததியைப் பெருக்குகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது இனமே மாறுகிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

பலசாலி மட்டுமே பிழைப்பான் என்று இதற்குப் பொருள் அல்ல. காற்று ஓயாமல் வீசும் தீவில், நன்றாகப் பறக்கும் வண்டு கடலில் அடித்துச் செல்லப்படும். பறக்க முடியாத வண்டு பிழைத்துக்கொள்ளும்!

பாட்டன் ஒருவர், கிளை இரண்டு

மனிதனின் தோற்றம் பற்றி 1871-ல் தனிப் புத்தகம் எழுதினார். உடனே கேலி கிளம்பியது. குரங்கின் உடலில் டார்வினின் தலையை ஒட்டிப் பத்திரிகையில் படம் போட்டார்கள்.

அவர் சொன்னது என்ன? மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அது இன்றைய குரங்கும் அல்ல, மனிதனும் அல்ல. சிம்பன்சியின் கிளையும் நம் கிளையும் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று இன்றைய விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி! பங்காளி இருக்கும்போதே நாமும் இருப்பதில் என்ன அதிசயம்?

மனதை அரித்த பயம்

ஊர் கேலியைத் தாங்கிய டார்வினை, வீட்டுத் துயரம் உலுக்கியது. பிறந்த 10 குழந்தைகளில் 3 குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன. செல்ல மகள் ஆனி 1851-ல் இறந்தபோது அவளுக்கு 10 வயது.

மாமன் மகளை மணந்ததால் பிள்ளைகளுக்கு நோய் வருகிறதோ என்று டார்வின் தவித்தார். 1871 ஜனத்தொகைக் கணக்கில் உறவுத் திருமணம் பற்றியும் கேட்க வேண்டும் என்று முயன்றார். பார்லிமெண்டு ஒப்பவில்லை.

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, 73-வது வயதில் டார்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

பட்டாணி சொன்ன பதில்

பாலும் தண்ணீரும் போல, தாய் தந்தையின் குணங்கள் கலந்துவிடுகின்றன என்றே அக்காலத்தில் நம்பினார்கள். அப்படி அல்ல என்று பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டுபிடித்தவர், கிரிகோர் மெண்டல் என்ற துறவி. 1866-ல் அவர் வெளியிட்டதை உலகம் 1900-ல்தான் புரிந்துகொண்டது.

குணங்களைச் சுமப்பவை மரபணுக்கள். அவை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஜோடியாக வருகின்றன. குறையுள்ள மரபணு ஒன்று மட்டும் இருந்தால், பல நோய்கள் வெளியே தெரிவதில்லை. அதே குறை இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் ஒரே குறை மறைந்திருப்பது எளிது. அதனால் உறவில் மணந்தால் ஆபத்து கூடுகிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் நோய் வரும் என்பதும் தவறு. டார்வினின் பிள்ளைகளில் 7 பேர் வளர்ந்து ஆளானார்கள். ஜார்ஜ், பிரான்சிஸ், ஹோரஸ் மூவரும் தந்தையைப் போலவே ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார்கள்.

டார்வினைத் தவிக்கவைத்த கேள்விக்கு வழி திறந்தபோது, அவர் மறைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.