காப்பியிடம் கடன் வாங்கிய எழுத்தாளர்

நாவலாசிரியர் பால்சாக்கின் வாழ்க்கைக் கதை

இரவு மணி ஒன்று. பாரிஸ் நகரம் அடங்கிக் கிடக்கிறது. தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் மெழுகுவர்த்தி எரிகிறது.

அங்கே பருத்த உடலும் குட்டைக் கழுத்தும் கொண்ட ஒரு மனிதர் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். துறவிகள் உடுத்துவது போன்ற வெள்ளை அங்கி அணிந்திருக்கிறார். கையில் இறகுப் பேனா. பக்கத்தில் காப்பிப் பாத்திரம். எழுதுகிறார், ஒரு வாய் காப்பி குடிக்கிறார், மறுபடியும் எழுதுகிறார். பொழுது விடிந்த பிறகும் பேனா நிற்கவில்லை.

அவர்தான் ஹொனோரே தெ பால்சாக். பிரெஞ்சு மொழியின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர். நாவலும் கதையுமாகச் சுமார் 90 நூல்கள் எழுதியவர். அவர் படைத்த பாத்திரங்கள் 2 ஆயிரத்துக்கும் மேல்.

இத்தனையும் எழுத மூளைக்குப் பலம் கொடுத்தது காப்பிதான் என்று சொல்வோர் உண்டு. பால்சாக்கும் காப்பியையே நம்பி இருந்தார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? அவருடைய வாழ்க்கையே அதற்குப் பதில் சொல்கிறது.

தண்டனை அறையில் படிப்பு

பால்சாக் 1799-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, பிரான்சு நாட்டில் உள்ள தூர் நகரில் பிறந்தார். தந்தை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்துக்கு உயர்ந்தவர். தாய் கண்டிப்பானவர். பிள்ளையிடம் அதிகம் ஒட்டாதவர்.

8 வயதில் பால்சாக்கை வாந்தோம் என்ற ஊரில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே 6 ஆண்டுகள் இருந்தார். விடுமுறைக்குக்கூட வீட்டுக்குப் போக முடியாது. தாய் வந்து பார்த்ததும் அபூர்வம்.

வகுப்பில் அவர் மந்தமான மாணவர். பாடத்தைக் கவனிக்காததற்காக அடிக்கடி தண்டனை அறையில் அடைக்கப்பட்டார். அந்த அறைதான் அவருக்குப் படிப்பறை ஆயிற்று. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் அங்கே படித்துத் தள்ளினார்.

14 வயதில் அவருக்குப் புத்தி மயங்கியது போல் ஆகிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கண் திறந்தபடி கனவு காண்பவரைப் போல் இருந்தார். ஆசிரியர்கள் பயந்து போய் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஓய்வு கிடைத்தது. வெளிக்காற்றில் ஓடியாடினார். பையன் தெளிந்து விட்டான்.

களைத்த மூளைக்கு மருந்து ஓய்வுதான். இந்தப் பாடத்தை வாழ்க்கை அவருக்குச் சிறு வயதிலேயே கற்றுக் கொடுத்தது. பெரியவரான பிறகு அதை அவர் மறந்தார்.

1819-ல் நடந்த இரண்டு சம்பவங்கள்

குடும்பம் பாரிசுக்குக் குடியேறியது. பால்சாக் சட்டம் படித்தார். வக்கீல்களிடம் குமாஸ்தாவாக இருந்தார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. எழுத்தாளன் ஆகப் போகிறேன் என்று 20-வது வயதில் வீட்டில் சொல்லிவிட்டார்.

பெற்றோர் தவணை கொடுத்தார்கள். சிறு தொகை மாதச் செலவுக்கு. பாரிசில் ஒரு கட்டிடத்தின் கூரைக்கு அடியில் சிறிய அறை. அங்கே குளிரில் நடுங்கியபடி ஒரு நாடகம் எழுதினார். அதைப் படித்துப் பார்த்த பேராசிரியர் ஒருவர், இந்த இளைஞர் இலக்கியத்தை விட்டு வேறு எந்தத் தொழிலுக்குப் போனாலும் நல்லது என்று தீர்ப்புக் கூறிவிட்டார். பால்சாக் அசையவில்லை.

அவர் அந்த அறையில் குடியேறியது 1819-ல். அதே ஆண்டில் ஜெர்மனியில் இன்னொரு சம்பவம் நடந்தது.

ஜேனா நகரில் ருங்கே என்ற இளம் ரசாயன மாணவர் இருந்தார். புகழ் பெற்ற கவிஞர் கத்தே அவரை அழைத்து, அவருடைய சோதனை ஒன்றைப் பார்த்து வியந்தார். ஒரு பிடி காப்பிக் கொட்டையைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாருங்கள் என்றார். ருங்கே ஆராய்ந்தார். காப்பியில் தூக்கத்தை விரட்டும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அதற்குத்தான் 'காபீன்' என்று பெயர்.

காபீனைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அதை அளவில்லாமல் குடித்துப் பார்க்கப் போகிறவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆண்டில் புறப்பட்டார்கள்!

கடன் மேல் கடன்

பால்சாக்குக்குப் பணக்காரர் ஆகும் ஆசை வந்தது. 1825-ல் புத்தகப் பதிப்பில் இறங்கினார். நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அச்சுக்கூடம் வைத்தார். அதுவும் நஷ்டம். பிறகு அச்செழுத்து வார்க்கும் பட்டறையில் பணத்தைப் போட்டார். 1828-ல் எல்லாம் மூழ்கியது.

தலைமேல் பல்லாயிரம் பிராங்குக் கடன். அதில் பெரும் பகுதி தாயாருக்குக் கொடுக்க வேண்டியது.

எழுதித்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற நிலை. 1829-ல் முதன்முறையாகத் தம் சொந்தப் பெயரில் ஒரு நாவலை வெளியிட்டார். பெயர் கிடைத்தது, பணமும் வந்தது. ஆனால் வந்ததைவிட அதிகமாகச் செலவழித்தார். நல்ல உடை, வண்டி, குதிரை என்று பகட்டாக வாழ்ந்தார். இன்னும் எழுதாத நாவல்களுக்கு முன்பணம் வாங்கிச் செலவழித்தார்.

1840 முதல் 7 ஆண்டுகள் அவர் வசித்த வீடு பாரிசில் உள்ள பாசி பகுதியில் இருக்கிறது. அந்த வீட்டை அவர் வேறு பெயரில் வாடகைக்கு எடுத்தார். மேல் தெருவுக்கு ஒரு வழி, கீழ்த் தெருவுக்கு ஒரு வழி. கடன்காரர் ஒரு பக்கம் வந்தால் இவர் மறுபக்கம் இறங்கிப் போய்விடலாம்! இன்று அந்த வீடு பால்சாக் நினைவுக் காட்சிசாலை. அவருடைய காப்பிப் பாத்திரத்தையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

இரவைப் பகலாக்கினார்

கடனைத் தீர்க்கப் பகல் நேரம் போதவில்லை. மாலை 6 மணிக்குப் படுப்பார். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு எழுந்திருப்பார். காலை 8 மணி வரை எழுதுவார். சிறிது நேரம் கண் அயர்வார். மறுபடியும் காப்பி குடித்துவிட்டு மாலை 4 மணி வரை எழுதுவார். அச்சில் இருந்து வரும் புரூப் தாள்களைத் திருத்தித் திருத்தி, புதிதாகவே எழுதிவிடுவார்.

அவர் ஒரு நாளைக்கு 50 கோப்பை காப்பி குடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. 15 மணி நேர வேலையில் 50 கோப்பை என்றால், 18 நிமிஷத்துக்கு ஒரு கோப்பை ஆகிறது! அது மிகைப்படுத்திய கதை. ஆனால் அவர் மிகக் கெட்டியான காப்பியை மிக அதிகமாகக் குடித்தார் என்பதில் சந்தேகம் இல்லை. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1839-ல் சாராயம், சர்க்கரை, தேநீர், காப்பி, புகையிலை ஆகிய ஐந்து பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் தம் அனுபவத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒரே மாதிரிக் காப்பியின் வேகம் ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான் நிற்கும். அதன் பிறகு வேலை செய்யாது என்று கண்டார். ஆகவே தூளை அதிகமாக்கினார், தண்ணீரைக் குறைத்தார். அதுவும் பலிக்காதபோது, வெறும் வயிற்றில் காப்பித் தூளையே தின்றார். அதனால் வயிறு எரிந்தது. காரணம் இல்லாமல் கோபம் வந்தது. திடமான உடம்பு இல்லாதவர்கள் இந்த வழிக்கு வரவேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்தார்.

மூளைக்குள் நடப்பது என்ன?

பால்சாக் பட்டு அறிந்ததற்குக் காரணத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. மூளை அணுக்களில் அதற்கென்று பூட்டுகள் போன்ற இடங்கள் இருக்கின்றன. அடினோசின் அந்தப் பூட்டில் சாவி போல் நுழையும்போது நமக்குக் களைப்பும் தூக்கமும் வருகின்றன. படுத்துத் தூங்கினால் அது குறைகிறது.

காபீனும் பார்வைக்கு அதே சாவி மாதிரிதான் இருக்கும். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவி நுழைய முடியாமல் வழியை அடைத்துக் கொள்ளும். அவ்வளவுதான். களைப்பு போகவில்லை, களைப்பு வந்த செய்திதான் தடைபட்டது. காபீன் கரைந்ததும், காத்திருந்த களைப்பு மொத்தமாக வந்து சேருகிறது.

தினமும் குடித்தால் மூளை அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக் கொள்கிறது. அப்போது பழைய அளவு போதாது. பால்சாக் வாரத்துக்கு வாரம் தூளைக் கூட்டியது இதனால்தான். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் மந்தமும் வரலாம். வழக்கமாகக் குடிப்பவருக்குக் காலைக் காப்பி தரும் தெம்பில் பெரும் பகுதி, இந்த மந்தம் நீங்குவதுதான்.

காபீனுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. களைத்தவருக்குக் கவனமும் சுறுசுறுப்பும் தருகிறது என்பது உண்மை. ஆனால் கவனம் வேறு. கற்றது மனதில் பதிவது வேறு. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்திப் பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். குடித்த காபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காபீன் சாப்பிட்டவர்களுக்கு, தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

மாலை 4 மணி வரை காப்பி குடித்துவிட்டு 6 மணிக்குப் படுத்த பால்சாக்குக்கு எப்படி நல்ல தூக்கம் வந்திருக்கும்?

கணக்கு முடிந்தது

1832-ல் ருஷிய ஆட்சியில் இருந்த உக்ரேன் பகுதியில் இருந்து, ஊர் பேர் இல்லாமல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹன்ஸ்கா என்ற போலந்துச் சீமாட்டி. மணமானவர். கடிதத்தில் தொடங்கிய நட்பு காதலாக மலர்ந்தது. 1841-ல் அவருடைய கணவர் இறந்தார். அதற்குப் பிறகும் பால்சாக் 8 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ஹன்ஸ்காவுக்கு எழுதிய கடிதங்களிலேயே, காப்பி இப்போதெல்லாம் முன்போல் உதவுவதில்லை என்று முறையிட்டிருக்கிறார்.

1850 மார்ச் 14-ந் தேதி கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அப்போது மாடி ஏறவே மூச்சு வாங்கியது. இதயம் கெட்டுப் போயிருந்தது. மே மாதம் மனைவியுடன் பாரிசுக்குத் திரும்பினார். ஆகஸ்டு 18-ந் தேதி இரவு காலமானார். வயது 51. மணவாழ்க்கை 5 மாதம். அன்று மாலை நேரில் வந்து பார்த்த விக்டர் ஹியூகோ, அடக்கத்தின்போது இரங்கலுரை நிகழ்த்தினார்.

பால்சாக்கைக் கொன்றது காப்பி என்று சொல்வது நியாயம் அல்ல. பருத்த உடல், முறையற்ற சாப்பாடு, ஓயாத உழைப்பு, ஆண்டுக்கணக்கில் கெட்ட தூக்கம் எல்லாம் சேர்ந்தே அவரைச் சாய்த்தன. காப்பி அவருக்கு அறிவைக் கொடுக்கவும் இல்லை. அந்த அறிவு அவரிடமே இருந்தது. நாளைய பலத்தை எடுத்து இன்றைக்குச் செலவழிக்கும் வழியைத்தான் காப்பி காட்டியது. அவருடைய பணக் கடனில் மிச்சத்தை மனைவி கட்டித் தீர்த்தார். உடம்பு பட்ட கடனை யார் கட்ட முடியும்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை காபீன் பொதுவாகக் கெடுதல் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் கூறியது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதிதான். காலையில் குடிக்கும் ஒன்றிரண்டு காப்பியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பரீட்சைக் காலத்தில் பிள்ளை இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும் என்று டம்ளர் டம்ளராகக் காப்பி கலந்து கொடுக்கும் தாய்மார்கள் பால்சாக்கின் கதையை நினைத்துக் கொள்ளட்டும். பத்து மணிக்கு மேல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது காப்பி அல்ல; பாய்தான்!