தேர்வில் முதலிடம்; நீதிமன்றத்தில் தனி இடம்!

மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்கினால், சிவப்புக் கட்டடமாக உயர் நீதிமன்றம் தெரியும். அதன் உள்ளே செருப்பில்லாத காலுடன் ஒருவர் சலவைக்கல் சிலையாக அமர்ந்திருக்கிறார். அவர்தான் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், 1832 ஜனவரி 28 அன்று ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். கிராமக் கணக்கரிடம் உதவியாளராகச் சேர்ந்தபோது மாதச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ரூபாய்! ஒருநாள் வெள்ளத்தில் கரை உடைந்தது. சிறுவன் நேரில் போய்ப் பார்த்து, விவரங்களைப் பிசகாமல் வந்து சொன்னான். வியந்துபோன தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அவனைப் படிக்க வைத்தார்.

நாகப்பட்டினத்தில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியில் சேர்ந்தார். தெருவிளக்கில் படித்தார் என்று சொல்வார்கள். 1854இல் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1856இல் அரசு வழக்கறிஞர் தேர்வு நடத்தியது. அதில் முதலிடம் பிடித்தார். தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். படிக்க வைத்தது தாசில்தாரின் நல்ல மனம் என்றால், நீதிபதி நாற்காலியைத் தந்தது தேர்வுத்தாள்தான். இன்றும் தமிழ்நாட்டில் சிவில் நீதிபதிகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் வைத்துத்தான் எடுக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அப்படித் தேர்வு கிடையாது. மூத்த நீதிபதிகளின் குழு பெயரைப் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, வெள்ளைக்கார உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஓர் இந்தியரை அடித்துவிட்டதாகப் புகார் வந்தது. பெரிய மனிதராயிற்றே என்று முத்துசாமி தயங்கவில்லை. சம்மன் அனுப்பி வரவழைத்து, 3 ரூபாய் அபராதம் விதித்தார். தொகை சிறிதுதான், துணிச்சல் சிறிதா?

இடையில் பி.எல். பட்டமும் பெற்றார். 1870களின் இறுதியில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். சென்னையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். உடனே ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. அவ்வளவு தேர்வு, அவ்வளவு அனுபவம் இருந்தும், அவர் இந்தியர் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது! பதில் சொல்ல நம்மவர்களுக்கு ஒரு பத்திரிகை தேவைப்பட்டது. ஜி.சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் சேர்ந்து, 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு எழுந்த அதே நீதிமன்றத்தில், 1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அவர் அமர்ந்தார். 1895 ஜனவரியில் மறையும்வரை அங்கேயே நீதிபதியாகப் பணியாற்றினார்.