பச்சையப்ப முதலியாரும் அவர்தம் உயிலும்

சென்னையிற் பச்சையப்பர் பெயரால் விளங்கும் கல்லூரியை அறியாதார் இலர். அதற்கு மூலமாகிய சிவதருமம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்தமையை அறிவார் சிலரே.

இவர் 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில், தந்தையார் விசுவநாத முதலியார் இறந்த பின்னர்ப் பிறந்தார். பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, தாமும் துபாஷியாகித் தஞ்சை அரண்மனைத் தொடர்பாற் பெரும்பொருள் ஈட்டினார். பொருளீட்டல் பலர்க்கும் இயல்வதே; ஈட்டியதனை எதன்பொருட்டு வைத்தார் என்பதே யாம் ஈண்டு நோக்குவது.

1794 மார்ச்சு 22-இல் உயில் எழுதித் தம் செல்வத்தைச் சிவாலயப் பூசை முதலிய அறங்களுக்கு உரித்தாக்கி, அம்மாதம் 31-இல் திருவையாற்றிற் சிவபதம் அடைந்தார். பொருளோ உரியவிடம் சேரவில்லை. உறவினரும் பொறுப்பேற்றோரும் வழக்கிட்டனர், ஆண்டுகள் கழிந்தன. சிவனுக்கென்று நியமித்த பொருளைத் தமதென்று வழக்கிடுதல் சிவாபராதமே என்பது எம் துணிபு. அதனை மீட்க முன்னின்று உழைத்தவரோ சைவரல்லர்; ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், அரசாங்கத் தலைமை வழக்கறிஞர். இதனை நம்மனோர் மறத்தலாகாது.

நெடுநாள் வட்டியாற் பொருள் மிகப் பெருகியிருந்தது. ஆதலின் உயிலிற் குறித்த கோயிற் கட்டளைகளுக்கு ஒதுக்கிய பின்னும் எஞ்சியது உண்டு. அம்மிகுதியைக் கல்விக்கு ஆக்கினர். கோயிற்பொருள் பள்ளிக்குப் போயிற்றென்று வருந்துவார் இக்கணக்கை நோக்குக, பூசைக்குரியது குறைக்கப்படவில்லை. அவ்வெச்சத்தால் 1842-இல் எழுந்த பள்ளி 1889-இற் கல்லூரியாகி, 1940-இற் சேத்துப்பட்டிற்குப் பெயர்ந்தது.